காளைக்கு மூளை உண்டென்பதற்கான ஆதாரம்

பதினோரு வருடம் கால்பந்து மைதானத்தின் நடுக்களத்தில் ஆடிய பிறகு, வலது முழங்கால் இனி ஒத்துழைக்காது என்று தெரிந்ததும், பயிற்சியாளர் உரிமத்துக்கு விண்ணப்பித்தார் காளை.

காளை என்பது அப்பா அம்மா வைத்த பெயரல்ல. அவர் ஆடிய முதல் ஆட்டத்தின் நான்காவது நிமிடத்தில் தொலைக்காட்சி வர்ணனையாளர் வைத்தது. அதற்கு முந்தைய மூன்று நிமிடங்களில் அவர் செய்ததெல்லாம், பந்தை நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்து, காலியாக நின்ற ஒருவருக்குத் தட்டிவிட்டதுதான். எந்தக் காளையும் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஆள் கறுப்பு, தோள் அகலம், பெயர் ஒட்டிக்கொண்டது.

அதே அணியில் ஆடிய வெளுத்த ஆட்டக்காரர் ஒருவருக்குப் பேராசிரியர் என்று பெயர். அவர் கல்லூரிப் பக்கம் ஒதுங்கியவர்கூட இல்லை. அதிகம் ஓடமாட்டார், அவ்வளவுதான். ஓடாமல் நிற்கிற மனிதர் வேறென்ன செய்துகொண்டிருப்பார், யோசித்துக்கொண்டுதான் இருப்பார் என்று வர்ணனையாளர்கள் தீர்மானித்துவிட்டார்கள். பேராசிரியர் நல்ல மனிதர். உடை மாற்றும் அறையில் காளையின் தோளில் கைபோட்டு, "எங்க நிக்கணும்னு நீ கத்துற, நான் போய் நிக்கிறேன். பட்டம் மட்டும் எனக்கு" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்.

பேராசிரியருக்கு உரிமம் இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. காளையின் விண்ணப்பம் திரும்பி வந்தது. என்ன ஏது என்று கேட்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே உரிமப் பிரிவு எழுத்தர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காகிதத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஒன்பதாம் பக்கம் நாலாவது கட்டம் காலியா விட்டிருக்கீங்களே."

"அது என்ன கட்டம் சார்?"

"சிந்தனைத் திறனுக்கான ஆதாரம். ஆட்டத்துல நீங்க யோசிச்சீங்கன்னு வர்ணனையாளர் சொல்லியிருக்கணும். குறைஞ்சது இருபத்தஞ்சு தடவை. அந்தப் பதிவை வாங்கி இணைக்கணும்."

காளை பையிலிருந்து ஏழு நோட்டுப் புத்தகங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு எதிரணிக்கும் எதிராக அவர் போட்ட திட்டங்கள், படங்களோடு, தேதியோடு.

எழுத்தர் அவற்றைத் தொடவே இல்லை. "உங்களுக்கு மூளை இருக்குன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா எப்படிங்க செல்லும்? உங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க சொல்லணும். அதுதான் நடுநிலை."

"பேராசிரியர் இதை வச்சாரா?"

"அவருக்கு ஆயிரத்து நானூறு தடவை இருந்துச்சு. ரெண்டு கட்டா கட்டி, சுமக்க ஆள் வச்சுக் கொண்டுவந்தாங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி எலும்பு சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். காளையின் முழங்காலை மூன்று முறை திறந்து மூடியபோதும் பக்கத்தில் நின்றவர். முதல் முறை நர்ஸாக, மற்ற இரண்டு முறை மனைவியாக.

"முட்டியை அத்தனை தடவை திறந்தோமே, ஒரு தடவை மண்டையையும் திறந்து பார்த்திருக்கலாம்" என்றார் மனைவி. "வேணும்னா சொல்லுங்க, ஸ்கேன் எடுக்க ஏற்பாடு பண்றேன். மூளை இருக்குன்னு டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாரு."

"இருக்குன்னா போதாதாம். வேலை செஞ்சதுன்னு வேணுமாம்."

"அப்ப கஷ்டம்தான். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதைத் தவிர வேற ஆதாரம் எனக்குத் தெரியல."

பதிவுகளை வைத்திருந்த வர்ணனை வாரியம் ஐந்தாவது மாடியில் இருந்தது. மின்தூக்கி பழுது. காளை ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டு, இருபத்திரண்டு நிமிடத்தில் மேலே வந்து சேர்ந்தார். படிக்கட்டு முடிகிற இடத்தில் தலைமை வர்ணனையாளர் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். வெண்கலக் குரலுக்காக அவரை எல்லாரும் வெண்கலம் என்றே கூப்பிடுவார்கள். காளைக்குக் காளை என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

"பாருங்கய்யா!" என்று கட்டிடமே அதிர முழங்கினார் வெண்கலம். "அஞ்சு மாடி! ஒரே ஓட்டம்! மூச்சு வாங்குதா பாருங்க! இதெல்லாம் பயிற்சியில வர்றதில்ல, பிறவி!"

காளைக்கு மூச்சு வாங்கியதால் பதில் சொல்ல முடியவில்லை. அதை அடக்கம் என்று வெண்கலம் எடுத்துக்கொண்டார்.

பதிவுகள் இருந்த அறையில் சப்டைட்டில் அக்கா இருந்தார். காது கேளாதவர்களுக்காக வர்ணனையைத் திரையின் அடியில் எழுத்தாக ஓடவிடுவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக வெண்கலம் பேசிய ஒரு சொல்லைக்கூட விடாமல் தட்டியவர். அதனாலேயோ என்னவோ, தான் மிகக் குறைவாகப் பேசுவார்.

"உக்காருங்க தம்பி. என்ன தேடணும்?"

"நான் யோசிச்சேன்னு எங்கேயாவது வருதான்னு பார்க்கணும் அக்கா."

அக்கா தட்டினார். திரையில் பதினோரு வருடம் ஓடியது. வேகம், இரண்டாயிரத்து நூற்று நாற்பது முறை. பலம், ஆயிரத்து எழுநூறு. குதிரை, அறுநூற்றுப் பதினொன்று. இரும்பு, முந்நூற்றுச் சொச்சம். ஒரு முறை டிராக்டர். யோசி என்ற சொல் வந்த இடங்களைத் தேடியபோது இயந்திரம் கொஞ்ச நேரம் திணறிவிட்டு ஒன்றே ஒன்றை எடுத்துக் காட்டியது.

'யோசிக்காமலே அடித்துவிட்டார் காளை!'

காளைக்கு அந்த கோல் நினைவிருந்தது. அந்தக் கோல்காப்பாளர், பந்து வலப்பக்கம் வந்தால் இடது குதிகாலைத் தூக்குவார் என்பதை மூன்று ஆட்டப் பதிவுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நான்காவது நோட்டில், பன்னிரண்டாம் பக்கத்தில்.

"தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி" என்றார் அக்கா, விசைப்பலகையைத் தன் பக்கமாகத் தள்ளிக்கொண்டே. காளை அப்போதுதான் கவனித்தார். இடது ஓரத்து ஐந்து விசைகளில் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. வலது ஓரத்திலும் ஐந்து.

"இது என்ன அக்கா?"

"விரல் வலிக்குதுன்னு நானே வச்சுக்கிட்ட சுருக்கு. இதைத் தட்டினா 'காட்டுக் குதிரை போலப் பாய்கிறார்'னு முழுசா வந்துரும். இது 'இரும்பு உடம்பு'. அந்தப் பக்கம் 'கூர்மையான மூளை', 'எல்லாவற்றையும் முன்கூட்டியே கணிக்கிறார்'."

"ஏன் ரெண்டு பக்கமா வச்சிருக்கீங்க?"

"இடது பக்கம் கறுத்தவங்களுக்கு. வலது பக்கம் வெளுத்தவங்களுக்கு. பந்து யார் காலுக்குப் போகுதோ என் கை அந்தப் பக்கம் போயிரும். வெண்கலம் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே தட்டிருவேன். இத்தனை வருஷத்துல ஏழே தடவைதான் தப்பாப் போச்சு." இதைச் சொல்லிவிட்டு அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் முறை போலிருந்தது.

அன்றே காளை வாரியத்துக்கு ஒரு மனு எழுதினார். அக்கா விசைகளின் பட்டியலை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, அதோடு இணைத்தார்.

வாரியம் பதறிப்போனது. மறுவாரமே அடைமொழி நடுநிலை ஆய்வுக் குழு அமைந்தது. ஏழு உறுப்பினர்கள். ஏழு பேரும் வெளுத்தவர்கள். கறுத்தவர் ஒருவரையாவது சேர்க்கலாமே என்று பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டபோது, "சேர்த்தா சார்புநிலை வந்துரும் இல்லையா?" என்று வாரியத் தலைவர் கவலையோடு திருப்பிக் கேட்டார்.

விசாரணை நாளில் முதலில் பேசியவர் வெண்கலம். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"என்னைப் போய் இப்படிச் சொல்லலாமா? நான் நிறமே பார்க்கிறதில்ல. மைக் முன்னாடி உக்காந்துட்டா எனக்குக் கண்ணே தெரியாது, இது எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். குதிரைன்னு சொன்னது கேவலமா? குதிரையில வெள்ளைக் குதிரை இல்லையா? எங்க ரெண்டு தெரு தள்ளி ஒரு கறுத்த குடும்பம் இருக்கு. தினமும் பார்த்துச் சிரிப்பேன். அவங்க ஒரு நாள்கூட என்கிட்ட எதுவும் சொன்னதில்ல."

"அவங்களோட பேசியிருக்கீங்களா?" என்று கேட்டார் காளை.

"அவங்க வேகமாப் போயிருவாங்க" என்றார் வெண்கலம்.

வாரியத் தலைவர், காளை 'யோசிக்காமலே' அடித்த அந்த கோலைத் திரையில் போடச் சொன்னார். பிறகு காளையைப் பார்த்து, "இதுல நீங்க யோசிச்ச இடம் எதுன்னு காட்டுங்க" என்றார்.

காளை எழுந்து மேசையருகே போனார். உறுப்பினர்களின் தண்ணீர் டம்ளர்களை எடுத்து ஆட்டக்காரர்களாக நிறுத்தினார். தலைவரின் பேனா கோல்கம்பம். இவர் இங்கே நின்றால் அவர் அங்கே வந்தாக வேண்டும், அவர் வந்தால் இந்த இடம் காலியாகும், காலியான இடத்தைப் பேராசிரியர் நிரப்புவார், கோல்காப்பாளர் வலப்பக்கம் பேராசிரியரைப் பார்ப்பார், அப்போது இடது குதிகால் எழும்பும், அந்தப் பக்கம் அடித்தால் தடுக்க முடியாது என்று ஒவ்வொரு டம்ளராக நகர்த்திக் காட்டினார். நான்கு நிமிடம் ஆனது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

"அற்புதம்" என்றார் தலைவர் கடைசியில். "எவ்வளவு தெளிவாப் பேசறீங்க! இப்படிப் பேச எங்க கத்துக்கிட்டீங்க?"

"வீட்லதான் சார். ரெண்டு வயசுல."

வெண்கலம் பக்கத்து உறுப்பினரின் கையைப் பிடித்துக்கொண்டார். "டம்ளரைத் தூக்கின பலத்தைப் பார்த்தீங்களா? அதுதான் உள்ளுணர்வு. அதைச் சொல்லிக் கொடுத்தெல்லாம் வராது!"

குழுவின் அறிக்கை, வாரியத்தில் பாரபட்சம் எதுவும் இல்லை என்றும், அது உடனடியாக நிறுத்தப்படும் என்றும் சொன்னது.

நிறுத்துவதற்கு ஒரு திட்டம் வகுத்தார்கள். ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு வேகம், இவ்வளவு அறிவு என்று அளவு போட்டு, இரண்டையும் இரண்டு நிறத்தாருக்கும் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அளவைத் தாண்டினால் அடிக்க மணியோடு ஒரு அதிகாரி வர்ணனை அறையில் உட்கார்ந்தார். நிறத்தில் சந்தேகம் வரக்கூடாதென்று சுவர்ப்பூச்சுக் கடையிலிருந்து ஒரு வண்ண அட்டையும் வாங்கி வைத்தார்கள். வெயிலில் கறுத்துப்போன வெளுத்த ஆட்டக்காரர் ஒருவர் முதல் பாதியில் ஒரு கட்டத்திலும் இரண்டாம் பாதியில் வேறு கட்டத்திலும் விழுந்தார்.

முதல் ஆட்டத்தைக் காளையும் மனைவியும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். அரை மணி நேரத்திலேயே வெண்கலம் தன்னிடமிருந்த குதிரைகளையெல்லாம் செலவழித்துவிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எதிர்ப்பக்கம் ஓடிய கறுத்த ஆட்டக்காரரைப் பார்த்து, "இதோ வருகிறார்... மிகவும்... ஒருவர்!" என்றார். எழுபதாவது நிமிடத்தில் கணக்குப் பார்த்தால் கையில் பதினான்கு அறிவு மிச்சம். மிச்சம் வைத்தாலும் குற்றம். அந்த நேரம் பார்த்து ஒருவருக்குக் காலில் அடிபட்டது. அறிவார்ந்த ஸ்ட்ரெச்சர் வந்தது. தொலைநோக்குள்ள இருவர் அதைச் சிந்தனையோடு தூக்கினார்கள். கூர்மதியுள்ள மழை தூறியது.

மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காளையும் சிரித்தார். சிரித்து முடித்ததும் மனைவி தொலைக்காட்சியை அணைத்தார்.

"உங்க கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு, இல்ல?" என்றார் மனைவி.

"ம்."

"அந்தக் குளிர்பானக் கம்பெனியில செக்யூரிட்டி வேலைக்குக் கூப்பிட்டாங்களே..."

"நின்னா போதுமாம். தோளைப் பார்த்தே எடுத்துக்கிறாங்களாம்."

மனைவி அவருடைய முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைத்துக் கட்டினார். வழக்கத்தைவிட இறுக்கமாகக் கட்டினார்.

காளை மறுபடி மனுப் போட்டார். இனிவரும் ஆட்டங்களைச் சரிசெய்கிறீர்கள், நான் ஆடி முடித்துவிட்டேனே, என் பழைய பதிவுக்கு என்ன வழி என்று கேட்டார். நியாயமான கேள்வி என்று வாரியம் ஒப்புக்கொண்டது. பழைய பதிவுகளையும் சமப்படுத்தச் சொல்லி சப்டைட்டில் அக்காவுக்கு உத்தரவு போனது. கறுத்தவர்களின் பக்கத்தில் குதிரை என்று இருக்கிற இடத்திலெல்லாம் அறிவாளி என்று மாற்ற வேண்டும். வெளுத்தவர்களின் பக்கத்தில் மூளையை எடுத்துவிட்டு முட்டி என்று போட வேண்டும். மொத்தக் கணக்கு சரியாக வர வேண்டும்.

"எல்லாத்தையும் ஒரே அடியா மாத்தினா வாக்கியம் கோணலா வருமே சார்" என்று அக்கா தலைவரிடம் கேட்டுப் பார்த்தார்.

"வாக்கியம் கோணினா பரவாயில்ல. நீதி கோணக்கூடாது" என்றார் தலைவர். இந்த வாசகம் அவருக்கே பிடித்துப்போய், வரவேற்பறையில் எழுதி மாட்டச் சொன்னார்.

அக்கா ஒரு விசையைத் தட்டினார். பதினோரு வருடமும் மாறியது. காளைக்கு அறுநூற்றுப் பதினொரு ஆதாரம் கிடைத்தது. 'கடிவாளம் அறுந்த அறிவாளி போல வருகிறார் காளை!' 'அறிவாளிக்குக் கொள்ளு வைத்தது யார்?' பேராசிரியரின் பக்கத்தில், 'இந்த ஆட்டம் முழுவதையும் தன் முட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார்' என்று இருந்தது.

காளை காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டமைப்புக்குப் போனார். எழுத்தர் நெடுநேரம் புரட்டினார்.

"இருபத்தஞ்சு கேட்டோம். அறுநூத்துச் சொச்சம் கொண்டுவந்திருக்கீங்க. இவ்வளவு இருந்தா சந்தேகம் வருமே. உங்களோடது உண்மையான அறிவுதானான்னு பார்க்க ஒரு குழு போடணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு வருஷம் வைங்க."

காளை வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எழுந்து வீட்டுக்குப் போய் இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் பேராசிரியர் வந்தார். உரிமத்தைப் புதுப்பிக்க வந்திருந்தார். புதுப்பிக்கவும் புதிதாக ஆதாரம் வைக்க வேண்டும். எழுத்தர் வாரியத்திடமிருந்து பதிவை வரவழைத்தார். பேராசிரியருக்கு மூளை பூஜ்யம். முட்டி ஆயிரத்து நானூறு.

"விதின்னு ஒண்ணு இருக்குதே சார்" என்றார் எழுத்தர். முதல் முறையாக அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "உங்களுக்கு உரிமம் கொடுக்க முடியாதே."

பேராசிரியர் காளையைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் ஒரு குறும்பு மின்னியது. "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே? எழுதிக் கொடுங்க" என்றார். எழுத்தர் எழுதிக் கொடுத்தார். அதை அப்படியே பத்திரிகைக்குக் கொண்டுபோனார் பேராசிரியர்.

பேராசிரியருக்கு மூளை இல்லையாம் என்ற செய்தி பதினோரு மணிக்கு வெளிவந்தது. ஒரு மணிக்குக் கூட்டமைப்பின் தலைவர் செய்தியாளர்களைக் கூட்டினார். இரண்டு வருடம் ஆக வேண்டிய காரியம் இரண்டு மணி நேரத்தில் ஆனது.

"ஒரு மனுஷனோட அறிவை, யாரோ ஒருத்தர் மைக்ல சொன்ன வார்த்தைய வச்சு எடை போடுறதா? என்ன அநியாயம்!" என்று மேசையைத் தட்டினார் தலைவர். "இவரைப் பாருங்க. இந்த நெத்தியைப் பாருங்க. இதுக்கு ஆதாரம் வேற வேணுமா? நாலாவது கட்டம் இன்னையோட ஒழிஞ்சது. இப்படி ஒரு கொடுமை இதுவரைக்கும் யாருக்கும் நடந்ததில்ல, இனிமேலும் நடக்கக்கூடாது."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த காளை, தலைவர் கைதட்டச் சொன்னபோது கைதட்டினார். கட்டம் ஒழிந்தால் எல்லாருக்கும்தானே ஒழிய வேண்டும். மாலை நான்கு மணிக்கு, வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாமல், எழுத்தர் அவருக்கும் உரிமத்தைக் கொடுத்தார்.

இரண்டாம் பிரிவில், பட்டியலின் அடியில் கிடந்த ஒரு அணி காளையை எடுத்துக்கொண்டது. உடற்பயிற்சிக்கு மட்டும் என்றுதான் முதலில் சொன்னார்கள். தலைமைப் பயிற்சியாளர் சம்பளம் போதவில்லையென்று போய்விட்டதால் முழுப் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. முதல் ஆட்டமே பட்டியலில் முதலிடத்து அணியோடு.

காளையின் அணியில் கறுத்த ஓரக்கள ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். வெண்கலம் அவரைப் புயல் என்பார்; அளவுப் பட்டியலில் அந்தச் சொல் இல்லை. அணி வீரர்களை உட்காரவைத்து, கடந்த பத்து ஆட்டங்களின் வர்ணனையைக் காளை முழுதாகப் போட்டுக் காட்டினார். புயல், ஓடுவதற்கென்றே பிறந்தவர், புயல், தடுக்க இரண்டு பேர் வேண்டும், புயல்.

"எதிரணிப் பயிற்சியாளரும் இதைத்தான் கேட்டுட்டு வருவாரு" என்றார் காளை. "உங்கமேல ரெண்டு பேரை விடுவாரு. நாளைக்கு நீங்க ஓட வேண்டாம்."

"ஓடாம என்னண்ணே பண்றது?"

"நில்லுங்க. ரெண்டு பேரும் உங்க பக்கத்துலயே நிப்பாங்க. அவங்க விட்டுட்டு வந்த இடத்துக்குப் பந்தைத் தட்டி விடுங்க."

அப்படியே நடந்தது. புயல் நின்றார். அவர் எப்போது ஓடப்போகிறாரோ என்று இரண்டு பேர் முழு ஆட்டமும் அவர் முழங்காலைக் குறுகுறுவென்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலியான இடத்தில் மூன்று கோல் விழுந்தது.

மேலே கண்ணாடி அறையில் வெண்கலம் முதல் இரண்டு கோலுக்கும் காகிதங்களைப் புரட்டித் தகுந்த சொல் தேடிக்கொண்டிருந்தார். மூன்றாவது கோலில்தான் வந்தது. "நிற்பதிலும் என்ன ஒரு பிறவிப் பலம்!"

ஆட்டம் முடிந்ததும் மைக்கோடு கீழே ஓடிவந்து காளையை மடக்கினார். "முதல் ஆட்டத்துலயே வெற்றி! இதோட ரகசியம் என்ன?"

காளை யோசித்தார். நேரலை என்பதால் நாடு முழுக்கப் பார்க்க நிதானமாக யோசித்தார்.

"உங்க வர்ணனைதான் சார்" என்றார். "ஒரு வார்த்தை விடாம கேட்டோம். எதிரணிக்காரங்களும் கேட்டிருக்காங்க. நீங்க இல்லன்னா இன்னிக்கு ஜெயிச்சிருக்கவே முடியாது."

வெண்கலம் காளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வர்ணனை வாரியம் அந்த வாசகத்தைத் தன் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில், காளையின் படத்தோடு அச்சிட்டு எல்லாருக்கும் அனுப்பியது. படத்தில் காளை உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். அடியில், 'ஓய்வெடுக்கிறார்' என்று போட்டிருந்தது.